ஊசிக்கு வைத்த பொட்டு

அப்பாவின் கைத்துப்பாக்கி பழைய ராணுவத்துக்காரன். அப்பாவும் அப்படித்தான். ஓய்வு பெற்றபோது உரிமம் வாங்கி அம்மாவோடு அதையும் கூட்டிக்கொண்டு கிணத்துக்கடவு தோட்டத்து வீட்டில் குடியேறினார். சுற்றிலும் தென்னை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு இல்லை. தோட்டத்தில் தனியாக இருந்த வயதானவர்களைக் கட்டிப்போட்டுக் கொள்ளை என்று பேப்பரில் வரும்போதெல்லாம் உடனே அப்பாவைக் கூப்பிடுவேன். கோயமுத்தூருக்கு என்னிடம் வந்துவிடுங்கள் என்று போனில் கத்துவேன். பீரோவில் துப்பாக்கி இருக்கும்போது என்ன பயம் என்பார் அப்பா.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், என் லேத் பட்டறையைக் கழுவித் துடைத்த கையோடு தோட்டத்துக்குப் போனேன். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டிருந்தது. குண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, துடைத்துக் கொடு என்று துப்பாக்கியை என் முன்னால் வைத்தார்.

அது வேலை செய்கிற விதம் எளிதுதான். பின்னாலுள்ள சுத்தியலை இழுத்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுந்தும். சின்னக் கொக்கி ஒன்று சுத்தியலை அப்படியே பிடித்து நிறுத்தும். ட்ரிகரை அழுத்தினால் கொக்கி விலகும், சுத்தியல் விழுந்து ஓர் ஊசியின் பின்புறத்தில் அடிக்கும், ஊசி முன்னால் பாய்ந்து தோட்டாவின் அடியில் குத்தும். மிச்சமெல்லாம் மருந்து பார்த்துக்கொள்ளும்.

இதில் ஊசி அசையவே இல்லை. அதன் துளைக்குள் சந்தனமும் குங்குமமும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகிப்போயிருந்தன.

பூஜையன்று அம்மா எதையும் விடமாட்டாள். மோட்டார், கிரைண்டர், அரிவாள், வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தே அதைச் சாகடித்திருக்கிறாள். இந்த இரும்புத்துண்டை நம்பியா இத்தனை வருடம் இரண்டு பேரும் தனியாகத் தூங்கினார்கள்? கோபம் தலைக்கேறியது. அம்மா சமையலறையில் இருந்ததால் குரலை அடக்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியும் அம்மணி. தோட்டத்துக்கு வந்த புதுசுல, இதுக்கு உசுரு எங்கீங்க இருக்குதுன்னு உங்கம்மா கேட்டா. ஊசியக் காட்டுனேன். அந்த வருசத்துல இருந்து பொட்டு அங்கதான்."

பிறகு ஏன் சுத்தம் செய்யவில்லை என்றேன். திருட வருகிறவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே, சுட்டுவிட்டு எப்படிச் சோறு இறங்கும் என்று அம்மா ஒருமுறை கேட்டாளாம்.

"அவ வெச்சத எடுக்க எனக்கு மனசு வர்ல கண்ணு. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. நீ சொல்லிப்போடாதே."

நான் ஒரு துணுக்குச் சந்தனத்தைக்கூடச் சுரண்டாமல் எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன்.

மறுநாள் பூஜையில் அப்பா நடுங்கும் விரல்களால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, ஊசி இருக்கும் இடத்தில் வைத்து, நன்றாக அழுத்தினாள். ஒன்றும் அறியாதவர் போல அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் சொல்லி மாளாது.

நான் தனிக்கட்டை. அடுத்த வாரமே துணிமணிகளைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் குடிவந்துவிட்டேன். பட்டறைக்கு இங்கிருந்துதான் போய்வருகிறேன். இந்த வீட்டுக் காவலுக்கு வேலை செய்கிற நிலையில் ஒன்றாவது இருக்க வேண்டும் அல்லவா.