கோயம்புத்தூருக்கு அடுத்த ஊர்

கொங்கு நாட்டுக்குத் தலை எது என்று எங்கள் ரயில் பெட்டியில் யாரும் கேட்டதில்லை. அது கோயம்புத்தூர். அங்கேதான் எல்லோருக்கும் வேலை. அங்கே போகத்தான் ஈரத் தலையோடு, பாதித் தூக்கத்தோடு, காலை ரயிலைப் பிடித்தோம். சண்டையெல்லாம் அடுத்த இடத்துக்குத்தான். இரண்டாவது ஊர் ஈரோடா, சேலமா? சீசன் டிக்கெட்டில் போய்வந்த பதினோரு வருடமும் இதைத்தான் பேசினோம். ஊத்துக்குளி தாண்டினால் தொடங்கும். இருகூரில் சிக்னலுக்கு நிற்கும்போது குரல் உயரும். கோயம்புத்தூரில் இறங்கும்போது அப்படியே சீட்டில் விட்டுவிட்டு இறங்குவோம். மறுநாள் அதே இடத்தில் கிடக்கும்.

அவள் சேலம். நான் ஈரோடு. ஒரே அலுவலகம், இரண்டு மேஜை தள்ளி. என்னைவிட எட்டு வயது இளையவள். முதலில் ஏறுகிறவள் என்பதால் ஜன்னலோரத்தை எனக்காகப் பிடித்துவைப்பாள். உட்காரவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

"எங்கூர்ல ஏற்காடு இருக்குது, மாம்பழம் இருக்குது, ஏரோப்ளேன் எறங்குது. உங்கூர்ல என்னங்க்கா இருக்குது? மஞ்சத் தூசியும் வெயிலும்."

"ஏரோப்ளேன் எறங்குற ஊர்க்காரி எதுக்கு கண்ணு எங்கூட ரயில்ல வாரே? மொதல்ல சேலம் கொங்கு நாடே இல்ல. பக்கத்து ஊட்டுக்காரங்க நம்ம பந்தியில உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க."

திருப்பூரில் ஏறும் பனியன் கம்பெனிக் கணக்கர் ஒருவர் உண்டு. நின்றுகொண்டே தீர்ப்புச் சொல்வார். "ரெண்டு அம்மணிகளும் நல்லாச் சண்டை போடுங்க. ஆனா எங்கூர்ப் பனியன் இல்லாம உங்க ரெண்டு ஊர்லயும் ஒரு ஆம்பள வெளிய தலைகாட்ட முடியாதுங்க. அதை மட்டும் நெனச்சுக்குங்க."

வேறு யாராவது என் ஊரைப் பழித்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவள் பழித்தால் இனித்தது. நமக்குள் ஏசிக்கொள்ள இடம் இருக்கிறது என்பதே ஒரு சொத்து என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி திரும்பியது, கால் திரும்பவில்லை. வீட்டில் நானும் அவரும்தான். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அம்மா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நான் ரயிலிறங்கி வீடு சேர ஏழே முக்கால். நடுவில் உள்ள நேரத்தை டிவியை வைத்து அடைத்துவிட்டோம் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் அந்த அம்மாதான் சொன்னார், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அப்பா தண்ணீரைத் தொடுவதில்லை என்று. குடித்தால் பாத்ரூமுக்குப் போகவேண்டும். பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லை. மகள் வரும்வரை தாகத்தோடு உட்கார்ந்திருப்பது என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார், சித்திரை வெயிலில், ஈரோட்டில்.

இதை ஒரே ஒரு ஆளிடம் சொன்னேன். ரயில் ஊத்துக்குளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "அப்பா நாலு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதில்ல கண்ணு. நான் வர்ற வரைக்கும் தாகத்தோடவே உக்காந்திருக்கறாரு." என் கையைப் பிடித்தவள் பீளமேடு வரை விடவில்லை.

அடுத்த மாதம் எங்கள் ஈரோடு கிளையில் ஓர் இடம் காலியானது. ஒரே இடம். கிடைத்தால் ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருப்பேன். மதிய இடைவேளையில் மனு எழுத உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று படித்தாள்.

"அப்பாவப் பத்தி இவ்வளவு வேணாங்க்கா. அழுது கேட்ட மாதிரி ஆயிரும். குடும்பச் சூழ்நிலைன்னு ஒரு வரி போதும். உங்க சீனியாரிட்டிக்குக் குடுக்காம எங்க போவாங்க?"

எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அப்பாவின் சிறுநீரைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது எப்படி? கிழித்துவிட்டு ஒரு வரி எழுதினேன். மறுநாள் பெட்டியில் கணக்கர் அவளைக் கேட்டார், "ஏனுங் அம்மணி, நீங்க அந்த எடத்துக்குப் போடலீங்களா? உங்களுக்கும் பாதித் தொலைவு குறையுமில்லீங்க?"

"உங்களுக்கு என்மேல என்னங்க கோவம்?" என்றாள். "மஞ்சத் தூசியில தும்மித் தும்மியே செத்துப்போவேன். சேலத்துக்காரி ஈரோட்டுல வேலைக்குப் போனா அப்பறம் எங்கூர்ப் பொண்ணுகளுக்கு மாப்பிள கெடைக்குமாங்க?"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஆணை அவள் பெயரில் வந்தது. அன்று அவள் விடுப்பு. மேலதிகாரியின் அறைக்குப் போய் நின்றேன். நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சீனியாரிட்டி உங்களுக்குத்தானுங்க. ஆனா அவங்க லெட்டரப் படிச்சதும் எனக்கு மனசு கேக்கலீங்க. அவங்க மாமியார் நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்லயாம். மருமக வர்ற வரைக்கும் தாகத்தோடவே உக்காந்திருக்குமாம். நீங்க வெறும் குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிப்போட்டீங்க. யாருக்குத்தானுங்க குடும்பச் சூழ்நிலை இல்ல?"

அந்த மாமியாரை எனக்குத் தெரியும். போன பொங்கலுக்குத் தனியாகப் பஸ் ஏறி ஏற்காடு போய், ஒரு மூட்டை ஆரஞ்சோடு திரும்பி வந்தவர். வழியெல்லாம் இளநீர் குடித்திருப்பார்.

"அப்படீங்களா சார்" என்றேன். வெளியே வந்துவிட்டேன். எங்கள் ஊர் மரியாதை இதுதான். அடி வாங்கினாலும் முதலில் ஒரு 'ங்க' போட்டுத்தான் திரும்புகிறோம். அன்று சாயங்கால ரயிலில் ஜன்னல் பக்கமே நான் திரும்பவில்லை. நான் கதை எழுதுகிறவள், வாக்கியங்களோடு வாழ்கிறவள். எத்தனையோ வரிகளை எழுதி வீசியிருக்கிறேன், யார் எடுத்தாலும் கவலைப்பட்டதில்லை. ஆனால் இது நான் எழுதியதல்ல. அப்பாவின் நாக்கு உலர்ந்து, உலர்ந்து, எனக்குக் கொடுத்த வரி. அதை மாமியாருக்கு உடுத்திக் கூட்டிப்போயிருக்கிறாள். என் ஊரைப் பதினோரு வருடம் பழித்தது விளையாட்டு; கடைசி ஒரு மாதம் பழித்தது மறைப்பு. எந்த நாளில் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று நாட்களை முன்னும் பின்னும் புரட்டுகிறேன். பிடிபடவில்லை.

கணக்கர் விடவில்லை. "கடைசியில யாருங்க ஜெயிச்சது, சேலமா ஈரோடா?"

"எங்கூர்தானுங்க. அவளே வந்துட்டாளே."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சேர்ந்த அன்று அவள் போன் செய்தாள். பின்னால் ஈரோடு பஸ் நிலையத்தின் இரைச்சல். "ஏனுங்க்கா, ஆபீசுக்கு எந்த பஸ்ஸுங்க?" சொன்னேன். எந்த நிறுத்தத்தில் இறங்கவேண்டும், எந்தப் பக்கம் நிழல் என்றுகூடச் சொன்னேன். பிறகு கேட்டேன், "உங்க மாமியார் இப்பத் தண்ணி குடிக்கறாங்களாங்க?"

"எனக்கு உங்களாட்ட எழுத வராதுங்க்கா" என்றாள். "தெனம் ஆறு மணி நேரம் ரயிலு. நானும் மனுசிதானுங்க்கா."

அதுவும் உண்மைதான். என்னிடம் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம்.

மூன்று மாதத்தில் பெருந்துறைக் கிளையில் ஓர் இடம் வந்தது. ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி. இந்த முறை யாரையும் பக்கத்தில் நிறுத்தவில்லை. கூச்சத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு எழுதினேன்: வலப்பக்கம், கால், ஆறு மணி, ஏழே முக்கால். கடைசியில் அந்த வரியையும், அவர் உட்கார்ந்திருப்பதை உள்ளபடியே.

மேலதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாதிக்கு மேல் மெதுவாகப் படித்தார். பிறகு காகிதத்தை மேஜையில் வைத்து, அதன்மேல் விரல்களை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒருத்தர் எழுதினது பலிச்சுதுன்னு அடுத்தவங்களும் அதையே எழுதினா, நான் எதைங்க நம்பறது?"

"இது எங்க அப்பாங்க சார்" என்றேன். "இதுதானுங்க மொதல்ல."

அவர் காகிதத்தைத் திருப்பி, கீழே நான் போட்டிருந்த, அவளுடையதற்கு மாதங்கள் பிந்திய தேதியைப் பார்த்தார்.