மூக்கர் போட்ட தளமும் ஆயில் குடித்த காரும்

மூக்கர் என்று கேட்டால்தான் அவர் பட்டறைக்கு வழி சொல்வார்கள். சைலன்சர் வாயில் மூக்கை வைத்து ஒரே ஒரு இழுப்பு, இஞ்சினுக்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதிக்கு வண்டிதான் பொறுப்பு.

பள்ளிக்கூடம் அவரை நான்காம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பிவிட்டது. கிரீஸையும் வசவையும் தின்று வளர்ந்து சொந்தப் பட்டறை போட்டார். படித்தவன் எவனாவது போட்டிருக்கிறானா? தளத்தைக்கூட, கொத்தனாரை விரட்டிவிட்டு, தெருப்பக்கம் நல்ல சரிவு கொடுத்து அவரே போட்டார்.

"எப்பேர்ப்பட்ட மழை பெஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது, பாத்துக்கோ!"

உண்மைதான். தண்ணீர் நிற்காது. நட்டும் நிற்காது. கை தவறினால் உருண்டு சாக்கடையில் போய்த்தான் விழும். அதை அவர் நட்டின் திமிர் என்பார்.

அந்தத் தளத்தில்தான் அவர் தங்கையின் பழைய டர்போ கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதில்தான் அவள் தினமும் கடைகளுக்கு ரொட்டி கொண்டு போய்ப் போட்டாள். அதற்கு ஆயில் பார்த்து ஊற்றுவது எப்போதும் அண்ணன்தான். இப்போது வண்டி நீலப் புகை கக்கியது. அவள் தெருவில் திரும்பினால், கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினார்கள்.

அவள் புருஷன் ஆபீஸ் குமாஸ்தா. கைப்பேசியில் வீடியோ பார்த்தே இஞ்சினியர் ஆனவர்.

"பிஸ்டன் ரிங் போச்சு மச்சான். சனிக்கிழமை காயலான் கடைக்காரரை வரச் சொல்லிட்டேன்."

"வண்டி போச்சுன்னா என் வாடிக்கையும் போச்சுண்ணே," என்றாள் தங்கை. "அப்புறம் இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதான்."

மூக்கர் மோந்து பார்த்தார். "டர்போ!" என்று தீர்ப்புச் சொன்னார். கழற்றினால் டர்போவின் தண்டு ஆட்டமில்லாமல் அழகாகச் சுற்றியது. டர்போ மீது அவருக்குக் கோபம் வந்தது. அடுத்து கம்ப்ரஷன் பார்த்தார். நாலு சிலிண்டரும் ஒன்றுபோல் திடமாக இருந்தன. ஆக, கோளாறு ரிங்கிலும் இல்லை. இஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாயில் மட்டும் ஆயில் சொட்டச் சொட்ட நின்றது. கழுவி மாட்டினார்.

வண்டி பட்டறைக்கு வந்த ஒவ்வொரு தடவையும், வேலை முடிவில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவுவார். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொட்டிருக்காது.

"ஐயோ பாவம், தொண்டை வறண்டு கெடக்கு. இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும்," என்று தாராளமாக ஊற்றுவார். கர்ணனுக்கு அடுத்து அவர்தான். வண்டி முன்னைவிட அதிகமாகப் புகைத்துக்கொண்டு வீடு போகும்.

சனிக்கிழமை காலை தங்கை வீட்டுக்குப் போனார். டைல்ஸ் போட்ட சமதளத்தில் கார் நின்றது. பழக்க தோஷம், குச்சியை உருவினார். மேல்கோட்டுக்கும் மேலே இரண்டு விரற்கடை ஆயில்!

"எவன் இதுல ஆயில் ஊத்துனது?"

"உங்களத் தவிர அந்த மூடிய யாரு தொட்டா மச்சான்?" என்றார் குமாஸ்தா, பல் விளக்கிக்கொண்டே.

மூக்கர் தங்கையோடு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார். கொஞ்ச நேரம் ஆறவிட்டுக் குச்சியை உருவினால் கீழ்க்கோட்டுக்கும் கீழே. துடைத்துவிட்டு மறுபடி உருவினார். அதே கதைதான். அப்போது அவர் பையிலிருந்து ஒரு நட்டு நழுவி, தங்கையின் காலைத் தாண்டி உருண்டு, வழக்கம்போல் சாக்கடைக்குள் குதித்தது.

தங்கை நட்டு போன வழியைப் பார்த்தாள். தூக்கி நின்ற காரின் மூக்கைப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணே, ஆயிலும் இப்பிடித்தான் பின்பக்கம் ஓடிருமோ?"

அவ்வளவு பெரிய மூக்குக்கு அன்றைக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. குச்சி இருப்பது முன்பக்கம். ஆயில் ஒளிந்திருந்ததோ பின்பக்கம். இவர் ஊற்ற ஊற்ற, நிரம்பி வழிந்த ஆயிலை இஞ்சின் கடைந்து, பிரீதர் வழியாக டர்போவுக்குள் துப்பி, எரித்துப் புகையாக்கியிருக்கிறது.

திரும்பவும் தங்கை வீட்டுச் சமதளத்துக்குக் கொண்டு போய், அதிகப்படி ஆயிலை இறக்கினார்கள். ஒரு கேன் நிறைந்தது. குழாய்களைத் துடைத்து வண்டியை எடுத்தார்கள். குழாயில் ஒட்டியிருந்தது எரியும் வரை கொஞ்சம் புகைந்தது. அப்புறம் குமாஸ்தாவே பின்னால் குனிந்து தேடியும் புகை கிடைக்கவில்லை.

"ரிங்காம் ரிங்கு! அஜீரணம் மாப்பிள்ளை, வெறும் அஜீரணம்!"

"ஊட்டிவிட்டது யாரு மச்சான்?"

"உங்க வேலையப் பாருங்க," என்று தங்கை புருஷன் வாயை அடைத்தாள். அண்ணனை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

காயலான் கடைக்காரர் வந்துவிட்டாரே, வெறுங்கையோடு அனுப்பலாமா? குமாஸ்தா வாங்கிப்போட்டு ஒரு நாளும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ரொட்டி போட வண்டியைக் கிளப்பினாள் தங்கை.

இப்போதெல்லாம் மூக்கர் எந்த வண்டிக்கும் எதிர்வீட்டு வாசலில் வைத்துத்தான் ஆயில் பார்க்கிறார். கேட்டால், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். தளத்தில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. எப்படி வைப்பார்? ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்பதில்லையே!