நுனிப்பழம் பார்த்த நாக்கு

நாக்கை நம்பிப் பிழைக்கிற தொழில் இருக்கிறதே, அதில் ஒரு வெற்றிலை கூட நிம்மதியாகப் போட முடியாது. உங்களில் யாராவது என்னைப்போல் ருசி பார்த்தே சோறு தின்றவர்களாக இருந்தால், நான் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குக் கொஞ்சம் முந்தி. ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவச் சாமியார் மடத்தில் பூசைக்கான திராட்சை ரசத்தை அவர்களே தயாரித்தார்கள். சனிக்கிழமை தோறும் நானும் என் சேக்காளி காசிமும் திண்டுக்கல்லில் பஸ் ஏறுவோம். தோட்டங்களில் பழம் பார்த்து வாங்கித் தருவது அவன். பீப்பாயில் ரசம் காடியாகப் புளித்துவிட்டதா என்று பார்ப்பது நான். "பழம் வரைக்கும் நானு, பீப்பாய் ஒன் பாடு மாப்ளே" என்று வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். ஞாயிறு நான் பூசை கண்டதும் சேர்ந்து திரும்புவோம்.

ஊதச் சொன்ன ஏட்டு

மதுவிலக்குக் காலம். ஒரு ஞாயிறு பஸ்ஸில் ஏறிய ஏட்டு என்னை வாயை ஊதச் சொன்னார். ஊதினேன். அம்புட்டுத்தான், சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டார். "வாயில வச்சுத் துப்பிருவேனய்யா, ஒரு சொட்டு உள்ள போகாது" என்று அழாத குறையாகச் சொன்னேன். காசிமும் கூடவே இறங்கி, அல்லா மேல் ஆணை என்று சத்தியம் பண்ணினான். ஏட்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "துப்புறதுக்கு ஒரு ஆளு, அதுக்குச் சாட்சிக்கு ஒரு ஆளு! நல்லாருக்குய்யா ஒங்க பொழப்பு."

கல்கண்டு

குலையின் அடி நுனியில் தொங்கும் ஒற்றைப் பழத்தை மட்டும்தான் காசிம் கிள்ளி வாயில் போடுவான். கடைசியாகப் பழுப்பது அதுதான்; அது இனித்தால் குலை முழுக்க இனிப்பு. ஆறு வருசத்தில் ஒரு தடவை கூடப் பிசகியதில்லை. ஒரு நாள் அப்படிப் போட்டுப் பார்த்துவிட்டு, "கல்கண்டு! நாளைக்கே வெட்டிரலாம்" என்றான். நானும் ஒன்றைக் கிள்ளிப் போட்டேன். பல் கூசிவிட்டது. தோட்டக்காரர் முகம் மாறிப்போனது. "என்ன பாய், வெளாடுறீகளா? இன்னும் பத்து நாள் கெடக்கட்டும்னு நானே சொல்ல வந்தேன்."

ஒரு மிதி, ரெண்டு மிதி

காசிம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் நாக்கைத் தூக்கிக் காட்டினான். அடியில் வெள்ளையாக ஒரு புண். ரெண்டு மாசமாக எந்த ருசியும் தெரியவில்லையாம். "மதுரைக்குப் போவோம், எந்திரி" என்றேன். "மக நிக்காஹ் முடியட்டும் மாப்ளே. சம்பந்தக்காரகளுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். யார்ட்டயும் சொல்லிறாத" என்று கையைப் பிடித்துக்கொண்டான். சரி என்று தலையாட்டினேன், பாவி.

அதற்கப்புறம் நான் முதலில் பழத்தைத் தின்பேன். இனித்தால் அவன் காலில் ஒரு மிதி, புளித்தால் ரெண்டு. அதை வைத்து அவன் "கல்கண்டு" என்பான். மூன்று மாதம் இப்படியே ஓட்டினோம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தோம். நிக்காஹ் முடிந்து மதுரைக்குப் போனபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கூடவே சுத்துற ஆளு நீங்க, அப்பவே இழுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

புது ரசம்

காலை மிதித்து வாங்கிய அந்தப் பழமெல்லாம் ரசமானபோது, காசிமை அடக்கம் பண்ணி நாற்பது நாள் ஆகியிருந்தது. தனியாகப் பஸ் ஏறிப் போனேன். ரசத்தை வாயில் வைத்தேன். அப்படி ஒரு ரசம் அந்த மடத்தில் அதுவரை இறங்கியதில்லை. ஜன்னல் வழியே புளியமரத்தடி தெரிந்தது. அழுதுவிட்டேன். பெரிய சாமியார் என் தோளைத் தொட்டார். "அழாதப்பா. கடைசி வரைக்கும் காசிம் பாய் நாக்கு பிசகவே இல்ல, பாத்தியா."

வாயில் பட்டதையெல்லாம் துப்பிவிடுவதுதான் என் தொழில். சொல்ல வந்த உண்மையை மட்டும் அன்றைக்கு விழுங்கிவிட்டேன்.