பாடு தப்பிய ஆட்டம்

கரையில் யாராவது வயரைக் கொளுத்தினால், அந்த நாற்றத்தில் என் வலது கை இன்றும் விறைக்கும்.

பிரவுசிங் சென்டரில் ஒரு கம்ப்யூட்டரில்தான் அந்தத் தீவு வீடியோ ஆட்டம் இருந்தது. ஏரியில் வலை போட முறை வைப்பதுபோல அதற்கும் முறை வைத்து, பாடு என்றே சொல்லி ஆடினோம். என் பாட்டில் கடைசிக் கதவின் சாவியைக் கண்டுபிடித்தேன். ஒன்றுக்குப் போய்த் திரும்பினால், தோணிரேவுக் குப்பத்துச் சகாயம் என் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திர்றா, என் பாடு."

"இன்னாடா பண்ணுவ? கதவு தொறக்குது!"

பாடு தப்பி வலை போட்டவனின் வலையை அறுத்துவிடுவது ஏரியில் எங்கள் வழக்கம். நான் இடுப்பிலிருந்த வலைக் கத்தியால் கம்ப்யூட்டர் வயரை அறுத்தேன். கரண்ட் என்னைச் சுவரில் அடித்தது, கம்ப்யூட்டர் எரிந்தது. எழுந்து அவன் பல்லை உடைத்தேன்.

ஆட்டம் செய்த கம்பெனியும் மூடிவிட்டது, வேறெங்கும் அது கிடைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். ஏரியில் எதிரே வந்தால் இன்றும் கேட்கிறேன்.

"சொல்ல மாட்டேன், போடா" என்கிறான்.