சித்தப்பா வார்த்த மலை

என் சித்தப்பா பல் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு வருகிறவர்கள் வாயைத் திறந்து காட்டிவிடுவார்கள். டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார், அதை வைத்துப் பல் செட் செய்து திருப்பி அனுப்புவது சித்தப்பாவின் வேலை. ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருபத்தாறு வருஷமாக இதைச் செய்கிறார். ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் சின்ன ஸ்பிரிட் விளக்கு, ரோஜா நிற மெழுகுத் தகடுகள், சுவர் முழுக்க அடுக்கடுக்காகப் பிளாஸ்டர் தாடைகள். நான் பிழைக்க வந்த இந்த ஊரில் முதல் மாதம் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்தத் தாடைக்காரர்கள் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வேறு ஆள். நகரத்தை விட்டுச் சைக்கிளில் அரை மணி நேரம் மிதித்தால் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் தொடங்கும். அவற்றுக்கு அப்பால், படுத்திருக்கிற மாடுகளின் முதுகு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றுகள். அங்கே சைக்கிள் ஓட்டும் கூட்டத்துக்கு வழி போட்டுக் கொடுப்பவர் இவர்தான். மற்றவர்கள் போனில் வரைபடம் பார்ப்பார்கள். சித்தப்பாவுக்கு விரலில் தட்டுப்படாத எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. வரைபடத்தின் உயரக் கோடுகளை எண்ணி, மெழுகை உருக்கி, ஒரு சாண் நீளப் பட்டையில் மொத்த வழியையும் மேடும் பள்ளமுமாக வடித்துவிடுவார். புறப்படும் முன் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். குன்றுகளுக்குப் பெயர் வைப்பதும் அவரே. கோரைப்பல், கடைவாய், ஞானப்பல். மகா மோசமான ஒரு ஏற்றத்துக்குச் சொத்தை என்று பெயர்.

சித்தி லிப்ட் சோதிக்கிற அதிகாரி. பெரிய கட்டடங்களின் லிப்டுகளை வருஷம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவாள். ஒரு நாளைக்கு நூறு மாடி ஏறுவாள், ஒரு படிகூட ஏறமாட்டாள். மனுஷன் தன் காலாலேயே உயரம் ஏறுவது அவளைப் பொறுத்தவரை தன் தொழிலையே கேலி செய்வது மாதிரி. சித்தப்பாவின் மூன்று சைக்கிள்கள் ஹாலில் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றன. ஜன்னலைத் திறக்க வேண்டுமானால் சித்தி வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும். போய்விட்டுத் திரும்பும்போது சேலையில் செயினின் கறுப்பு மை.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை. ஒருநாளாவது சித்தியோடு பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதை அப்படிச் சொல்ல அவருக்குக் கூச்சம், அதனால் காற்று வாங்கலாம், உடம்புக்கு நல்லது என்று பதினைந்து வருஷமாக வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சித்தி திடீரென்று சரி என்றுவிட்டாள். ஆனால் நிபந்தனையை ஆபீஸ் தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள். வழியில் அவள் ஒருமுறை இறங்கித் தள்ள நேர்ந்தாலும் மூன்று சைக்கிள்களும் அந்த வாரமே வீட்டைவிட்டு வெளியேற்றப்படும். நின்று தண்ணீர் குடிப்பது தள்ளுவதில் சேராது. கீழே கையெழுத்து, தேதி.

சித்தப்பா மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கூட்டத்தில் யாருமே போகாத ஆறேழு வழிகளை எடுத்து மெழுகில் வடித்தார். சித்திக்காக என்பதால் மெழுகோடு விடாமல் எல்லாவற்றையும் பிளாஸ்டரில் வார்த்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, வரிசையாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஒன்று விரலுக்கு வழுக்கிக்கொண்டு போனது. ரயிலில் நாற்பது நிமிடம் போனால் ஒரு சின்ன நிறுத்தம், அங்கிருந்து ஒரு சிற்றாற்றின் ஓரமாகவே இருபத்தெட்டு கிலோமீட்டர். முழுக்கச் சாய்ந்து இறங்கும் பாதை, நடுவில் இரண்டே இரண்டு சின்ன மேடு, கடைசியில் சரேலென்று ஒரு இறக்கம், இறங்கினால் ஸ்டேஷன், ரயில் பிடித்து வீடு. குழந்தைகூடப் போகலாம் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று, கூடப் புறப்பட்ட நான் இரண்டு பம்பு, மூன்று ட்யூப், ஒரு பஞ்சுக் கட்டு எடுத்துக்கொண்டேன்.

முதல் கிலோமீட்டரிலேயே சித்திக்கு மூச்சு வாங்கியது. இது இறக்கம்தான், கால் பழகாததால் கனமாகத் தெரிகிறது என்று சித்தப்பா விளக்கினார். எனக்கும் கால் பழகவில்லை போலிருந்தது. நாலு கிலோமீட்டர் தாண்டியதும் அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டர் பட்டையை எடுத்து ஒரு கையால் தடவிக்கொண்டே, அடுத்த வளைவில் மேடு, மூச்சை நன்றாக இழுத்துக்கொள் என்று எச்சரித்தார். சித்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். வளைவு திரும்பியதும் சாலை எங்களைத் தூக்கிக் கீழே எறிந்தது. சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தவள் தலைமுடி பறக்கப் போனாள். கீழே போய் நின்று திரும்பி, "இதுதான் மேடுன்னா நான் இத்தனை வருஷமா எதுக்குங்க பயந்தேன்?" என்று கேட்டாள்.

சித்தப்பாவுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் எந்த ஆண்பிள்ளை குறுக்கே பேசுவான்? மறுபடி இறக்கம் என்றார். மறுபடி தொடை எரிந்தது. சித்தி அதற்குள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சைக்கிள்காரர்கள் பாஷையில் மேடு என்றால் சுகம், இறக்கம் என்றால் கஷ்டம், அவ்வளவுதான். "இன்னொரு மேடு எப்பங்க வரும்?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே மிதித்தாள்.

எனக்கு எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற குணம். ஆற்றைப் பார்த்தேன். இலை, நுரை, ஒரு பிளாஸ்டிக் புட்டி எல்லாம் எங்களுக்கு எதிரே மிதந்து வந்தன. நாம் இறங்கினால் ஆறும் நம்மோடு இறங்க வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சித்தப்பா ஆற்றை ஒரு பார்வை பார்த்தார். "காத்து தள்ளுதுப்பா. மேல மட்டும் அப்படித் தெரியும், அடியில தண்ணி நம்ம பக்கம்தான் போகும்" என்றார்.

பத்தொன்பதாவது கிலோமீட்டரில், இரண்டாவது 'மேட்டில்' கூவிக்கொண்டே இறங்கி முடித்த இடத்தில் ஒரு கல்பாலம். தண்ணீர் குடிக்க நின்றோம். சித்தி அவர் கையிலிருந்து பட்டையை வாங்கினாள். இருபது வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் தாடைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தட்டு வைக்கிறவள். திருப்பிப் பார்த்தாள், விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"ஏங்க, இது அச்சு."

சித்தப்பா வாங்கித் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினார். பல்லை அச்செடுத்தால் பல் இருக்கிற இடம் குழியாகும், இடுக்கு மேடாகும். அந்த அச்சில் மறுபடி பிளாஸ்டர் ஊற்றினால்தான் பல் பல்லாக வரும். அவர் தினமும் நாலு முறை செய்கிற வேலை. இந்த வழியின் அச்சையும் வார்ப்பையும் ஒரே வெள்ளைப் பிளாஸ்டரில் செய்து, இரண்டையும் ஒரே மாதிரி இழைத்து, அச்சைத் தடவிப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்து, அச்சையே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் காலையிலிருந்து ஒரு மலையை இறங்கிக்கொண்டிருப்பதாக நினைத்து ஏறியிருந்தோம்.

சித்தி பாலத்துச் சுவரில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தினாள், ஆற்றைப் பார்த்தாள், காத்து தள்ளுதுப்பா என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விரல் பட்டையின் கடைசி ஆழத்தில் நின்றுவிட்டது. மிச்சம் ஒன்பது கிலோமீட்டர், ஒரே ஏற்றம். சொத்தைக்கு அப்பன். இங்கிருந்தே திரும்பிவிடலாம், பந்தயம் ரத்து, தப்பு என்னுடையது என்றார். இன்னொன்றும் முணுமுணுத்தார், சைக்கிள்களை நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்று.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாதி மாடியில நின்ன லிப்டுக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள்.

அந்த ஒன்பது கிலோமீட்டரை எப்படிச் சொல்வது? சாலை மடிந்து மடிந்து மேலே போனது. சித்தி இருப்பதிலேயே இலகுவான கியரில் போட்டு, பட்டாம்பூச்சிகள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் போனாள். சித்தப்பா அவளை முந்திப் போய் வளைவைப் பார்ப்பார், திரும்பி வந்து எவ்வளவு தூரம் என்று சொல்வார், மறுபடி ஓடுவார். இப்படி ஒவ்வொரு வளைவையும் இரண்டு தடவை ஏறியதில் நாலாவது கிலோமீட்டரில் அவர் கால் கையை விரித்துவிட்டது. இறங்கினார். தள்ளினார். ஊருக்கே வழி போட்டவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க, சித்தி மிதித்துக்கொண்டு வர, இருவரும் சரியாக ஒரே வேகம். பக்கத்தில் பக்கத்தில். தபால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் வண்டியை மெதுவாக்கி, யார் யாருக்குத் துணை என்று விசாரித்தார்.

பேசிக்கொண்டே போனார்கள். பின்னாலிருந்த எனக்குப் பாதிதான் கேட்டது. வேறு யார் வாய்க்காவது மேல்தாடைக்குப் பதில் அச்சையே அனுப்பியிருக்கிறீர்களா என்று அவள் கேட்டதும், ஒருமுறை ஒருவருக்கு இன்னொருவர் பல் போய்விட்டதையும் அவருக்கு அது பிடித்துப்போய்த் திருப்பித் தர மறுத்ததையும் அவர் சொன்னதும் கேட்டது. சித்தி சிரித்ததில் சைக்கிள் கோணலாக ஓடியது. கடைசி வளைவில் அது கிட்டத்தட்ட நின்றேவிட்டது. ஒரு கால் மிதியை விட்டு இறங்க ஆரம்பித்தது. சித்தப்பா தன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவள் சீட்டைப் பிடித்துத் தள்ளக் கை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா மூணும் காலி" என்றாள் சித்தி, திரும்பாமலே.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கால் காற்றில் ஒரு கணம் தொங்கி, மிதியைத் தேடி, கண்டுபிடித்து, அழுத்தியது. அடுத்த நிமிடம் சாலை சமமானது. எதிரே மஞ்சள் பூச்சுப் பூசிய ஸ்டேஷன், நடைமேடையில் எங்கள் ரயில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

நான் சைக்கிளை ஏற்றப் போனேன். சித்தி வரவில்லை. ஏறிவந்த பக்கமாகத் திரும்பி நின்றிருந்தாள். குன்றுக்குப் பின் குன்றாக நிலம் கீழே இறங்கிப் போக, நடுவில் ஆறு ஒரு வெள்ளி நூலாகக் கிடந்தது.

"இவ்வளவு உயரம் சேத்து வச்சிருக்கேன்" என்றாள். "அதைத் தூக்கி ரயிலுக்கா குடுக்கணும்?"

சித்தப்பா பிரேக்கைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்சக்கரப் பிரேக்கை முதலில் பிடிக்க வேண்டும், வளைவுக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லி முடிக்கையில் அவள் இரண்டாவது வளைவில் இருந்தாள். நாங்கள் பின்னால் பாய்ந்தோம். காது அடைத்தது, கண்ணில் நீர் வந்தது, என் பையிலிருந்த ஒரு பம்பு எங்கோ பறந்துபோனது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பா முன்னால் குனிந்து, முழங்கையை ஒடுக்கி, தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். மூன்று குன்றுகளுக்கு அப்பால் சித்தியின் முதுகு ஒரு தடவை தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

காலையில் ரயிலை விட்டு இறங்கிய அந்தச் சின்ன நிறுத்தத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த ரயில் பாதைப் படத்துக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா மூச்சிரைக்கப் போய் பக்கத்தில் நின்றார்.

"எங்க போயிட்டீங்க?" என்றவள், படத்தின் மேல் ஓரத்தில், நாங்கள் போன ஊருக்கும் மேலே இருந்த ஒரு புள்ளியில் விரலை வைத்தாள். "இந்த ஸ்டேஷன் எவ்வளவு உயரம்னு பாத்துச் சொல்லுங்க. அடுத்த வாரத்துக்கு."