இராவணன் மீசை வளர்ந்த மேடு

என் வீட்டு ஜன்னல் கட்டையில் இராவணன் மீசையின் காய்ந்த முள்பந்து ஒன்று கிடக்கிறது. கடற்கரை மணலில் படரும் புல்லின் விதைப்பந்து அது. காற்றில் உருண்டு ஓடும், கையில் எடுத்தால் குத்தும். போன மாதம் ரோட்டோரத்தில் நின்று சின்னம்மா அதை என்மேல் வீசினாள். குறி தப்பி ஜன்னலில் விழுந்தது.

சித்தப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, லைட்ஹவுஸ் குப்பத்தில் நெத்திலி காயவைத்தே பிழைத்தவள் சின்னம்மா. நான் படகேறாமல் வனத்துறையில் தற்காலிகக் காவலராகச் சேர்ந்தபோது ஊரே கேலி செய்தது. அவள் மட்டும், "காக்கி போட்ட புள்ளைக்கு மொதல்ல வைங்க" என்று என் தட்டில் வறுத்த நெத்திலியை அள்ளிப் போடுவாள்.

அந்த வருடம் கரையோரப் புறம்போக்கில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டு, பழையபடி இராவணன் மீசையையும் அடம்பங்கொடியையும் வளர்க்க ஒரு திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான், இன்றும் அதைத்தான் சொல்வேன். ஐப்பசி மழையில் வனவர் வந்தார். கருவேலத்தை ஒட்டி வெறுமனே கிடந்த மணல்மேட்டைக் காட்டி, "இத யாராவது யூஸ் பண்றாங்களா?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார், பொறம்போக்கு" என்றேன். ஊரை ஒட்டிய ஏரியில் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், எந்த நாள் யார் வலை போடும் முறை என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். மணலில் மீன் காயவைக்கும் பெண்களுக்கும் அப்படியொரு முறை இருந்தது, எந்த மேடு எந்த வீட்டுக்கு என்று. அதற்குக் கோடு கிடையாது, கல் கிடையாது. கிடைத்த இடத்தில் மீனைக் கொட்டுகிறார்கள் என்றே நாங்கள் ஆண்கள் நினைத்திருந்தோம். அந்த மேடு சின்னம்மாவுடையது. மழைக்காலமானதால் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

மழை விட்டதும் ஈர நெத்திலிக் கூடையோடு வந்தவள், மேட்டில் நாங்கள் நட்டிருந்த புல்லையும் சுற்றிப் போட்ட முள்வேலியையும் பார்த்தாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சினு இருந்த? சின்னம்மா எடம்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்றாள். மறுநாள் பட்டப்பகலில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலி தாண்டிப்போய் வரிசை வரிசையாகப் புல்லைப் பிடுங்கி எறிந்தாள். உள்ளங்கையெல்லாம் ரத்தம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மழையில் முட்டி போட்டு நான் நட்ட புல் அது. யார் பிடுங்கியது என்று வனவர் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெயரைச் சொன்னேன். அவளை அலுவலகத்துக்கு வரவழைத்து, நாள் முழுக்க வாசலில் நிற்கவைத்து, இனி அங்கே கால் வைக்கமாட்டேன் என்று கைநாட்டு வாங்கினார்கள். வனவர் மாற்றலாகிப் போய்விட்டார். பகை என்னோடு தங்கிவிட்டது.

ஏழு வருடம் ஆகிறது. பிடுங்கிய இடத்திலும் மறுபடி நட்டோம், புல் மேட்டையே மூடிவிட்டது. காற்றடித்தால் வீட்டுக்குள் மணல் வருவதில்லை, நண்டு வளைகள் திரும்பியிருக்கின்றன. பார்க்கக் கர்வமாக இருக்கிறது, அடுத்த நிமிடமே எரிச்சலாகவும் இருக்கிறது. சின்னம்மா என் வீட்டெதிரே தார் ரோட்டோரம் காயவைக்கிறாள், வண்டி ஏறி நசுங்கியதைப் பொறுக்கித் தனியே எறிகிறாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நான் கொடுத்த கல்யாணப் பத்திரிகையை என் கண்ணெதிரே விரித்து அதன்மேல் மீனைக் கொட்டினாள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன மாதம் புதிய வனவர் வந்தார். நடவை ரோடுவரை நீட்டலாம் என்றார். ரோட்டோரத்தைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். "இது எங்க சின்னம்மா எடம் சார். அந்த மேடும் அவங்களுதுதான். அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். ரோட்டை விட்டுவிடலாம், மேட்டைத் திருப்பித் தர வழியில்லை என்றார் அவர். கேட்டுக்கொண்டே இருந்த சின்னம்மா, மீனுக்குள் உருண்டு வந்து சிக்கியிருந்த முள்பந்தை எடுத்தாள்.

"இப்பதான் வந்துச்சா வாயி?" என்று கத்திக்கொண்டே அதை என்மேல் வீசினாள்.

குழந்தைக்குக் குத்தும், தூக்கிப் போடு என்கிறாள் என் மனைவி. நான் எடுக்கவில்லை. அந்த வறுத்த நெத்திலிக்குப் பிறகு சின்னம்மா எனக்குக் கொடுத்தது இது ஒன்றுதான்.