விருப்பப் பாடம்: நீச்சல்

குண்டடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அந்தப் பள்ளி தொடங்கப்படுவதற்கு முன்பே இவ்வட்டாரத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி வேதியியலில் பட்டம் பெற்றவன் நான். எங்கள் பங்காளிகளில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள். திருப்பூர் ராயபுரத்தில் முப்பது ஆண்டுகள் பனியன் கம்பெனி நடத்தி, வழக்கும் வம்பும் இல்லாமல் மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினேன். வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை எதுவானாலும் என் வீட்டு வாசலில் பேசி முடிப்பார்கள். தோட்டத்திலிருக்கும் குலக்கோயிலில் தைப் பொங்கலன்று முதல் மரியாதை எனக்கு. இவற்றையெல்லாம் நான் கேட்டுப் பெறவில்லை. ஆயினும், பெற்ற பிறகு அவற்றை இழக்கும் எண்ணமும் எனக்கு இருந்ததில்லை.

பள்ளி என் இளைய மகளுடையது. பெங்களூரில் சில ஆண்டுகள் ஆசிரியையாக இருந்துவிட்டு வந்தவள், மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைக் கசக்காத ஒரு பள்ளி வேண்டும் என்றாள். காலியாகக் கிடந்த இரண்டு கொட்டகைகளையும் முன்புறத் திடலையும் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மொத்தம் நாற்பது பிள்ளைகள். திருப்பூர் முதலாளிகளின் பிள்ளைகள் வேனில் வந்தனர். சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் வந்தனர். அங்கே யாரும் யாரையும் சார் என்றோ மிஸ் என்றோ அழைப்பதில்லை. ஆசிரியர்கள் அக்கா, அண்ணன், நான் தாத்தா.

புதனும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு விருப்பப் பாடங்கள். பருவத் தொடக்கத்தில் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டுவார்கள். பாடங்களின் பெயருக்குக் கீழே பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுத வேண்டும். சைக்கிள் பழுது பார்த்தல், நாடகம், சமையல், சாயத் தண்ணீரைச் சோதித்தல், பீகாரிலிருந்து வந்து பக்கத்து நூற்பாலையில் வேலை செய்தவரின் மனைவி சொல்லித்தந்த பேச்சு இந்தி. நானும் ஒரு பாடம் வைத்தேன்: விண்ணப்பமும் அறிவிப்பும் எழுதுதல். முதல் பருவத்தில் மூன்று பேர் சேர்ந்தனர். சமையலில் இடமில்லாமல் வந்தவர்கள் என்று மகள் பிறகு சொன்னாள்.

பள்ளியின் விதிமுறைகளை எழுதித் தந்தவன் நான்தான். அவற்றுள் ஒன்று: ‘எந்த மாணவரும் எந்த விருப்பப் பாடத்தையும் தேர்ந்துகொள்ளலாம், மறுக்க எவருக்கும் உரிமையில்லை.’ அந்த வாக்கியத்தின் அமைப்பில் எனக்கு மிகுந்த நிறைவு இருந்தது. பெற்றோர் கூட்டங்களில் அதை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த உடற்கல்வி ஆசிரியர் நீச்சல் சொல்லித்தரலாமா என்று கேட்டார்.

“இவ்வளவு பெரிய கிணறு சும்மா கெடக்கு, பிள்ளைய மத்தியான வெயில்ல மண்ணுல உருளுதாவ. பிறகு என்னய்யா யோசனை?”

யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். என் பாட்டனார் வெட்டிய கிணறு. நாங்கள் சகோதரர்கள் அனைவரும் நீந்தப் பழகியது அதில்தான். உடனே சரி என்றேன். அவர் கிணற்றின் உட்சுவரில் சிவப்பு வண்ணத்தால் ஒரு கோடு போட்டார். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் வகுப்பு கிடையாது. சாயப் பட்டறையிலிருந்து வந்த காலிக் கேன்களைப் பலமுறை கழுவி, பிள்ளைகளின் முதுகில் கட்டிவிட மிதவை ஆக்கினார். கழுத்துத் தையல் கோணிப்போய் ஏற்றுமதியில் கழிந்த பனியன்களை என் கம்பெனியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன்.

தாளில் நீச்சலுக்குக் கீழே பதினொரு பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது பெயர் ஊருக்குக் கிழக்கே காலனியிலிருந்து வந்த பதினோராம் வகுப்புப் பெண்ணுடையது. அந்தப் பெயரைப் பார்த்தபோது ஒரு கணம் நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் என் வகுப்பிலும் இருந்தவள். நான் திருத்த வேண்டிய தேவையே இல்லாமல் எழுதியவள். பாட்டனார் வெட்டிய நாள் முதல் அந்தக் கிணற்றுப் படியில் காலனியார் எவரும் கால் வைத்ததில்லை. அப்படியொரு வழக்கம் இருந்ததை நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுவே உண்மை. நடைமுறையில் இருக்கும் வரை ஒரு வழக்கத்தை நாம் நினைத்துப் பார்ப்பதேயில்லை. விதியை எழுதியபோது இந்தக் கிணறு என் நினைவில் இல்லை. விதி விதிதான் என்று முடிவு செய்தேன். அந்த முடிவைப் பற்றி அன்று எனக்குப் பெருமைதான்.

அவள் மற்றவர்களைவிட விரைவாகப் பழகினாள். ஐந்தாவது வாரத்தில் முதுகிலிருந்த கேனை அவிழ்த்துவிட்டார்கள். மிதவையின்றிக் கிணற்றைப் பத்துச் சுற்று நீந்தினால் பருவ இறுதிச் சான்றிதழில் ‘நிறைவு’ என்று எழுதப்படும். அவள் நான்கு சுற்றை எட்டியிருந்தாள். பத்தை முடித்துவிட்டு மேட்டிலிருந்து குதிக்கப் போவதாகப் பள்ளி முழுவதும் சொல்லித் திரிந்தாள். “நீ குதிச்சா தண்ணி பூரா வெளிய வந்துரும், அப்பறம் நாங்க எதுல நீந்தறது?” என்று அவளைவிட இரு மடங்கு பருமனான ஒரு முதலாளி வீட்டுப் பையன் கேலி செய்ய, “நீ எறங்குன அன்னிக்கே பாதி போயிருச்சு” என்று அவள் சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை அழைத்து வகுப்பைக் காட்டினார்கள். அவளுடைய தாய் வந்திருந்தார். கம்பெனி வேனில் திருப்பூருக்குப் போய்ப் பனியன் தரம் பார்க்கும் வேலை செய்பவர். சிறு வயது முதல் பல ஆண்டுகள் எங்கள் தோட்டத்தில் களை எடுத்தவர். மற்றவர்கள் கிணற்றைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்க, அவர் கிணற்றடித் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் நின்றார்.

“பக்கத்துல வந்து பாரம்மா. உன் புள்ளதானே நீந்தறா” என்றேன்.

“இருக்கட்டுங்க சாமி. இங்கிருந்தே தெரியுதுங்க.”

“அங்கிருந்து தண்ணியே தெரியாது. வா.”

தயங்கித் தயங்கி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஏனுங்க சாமி, இத்தன ஆழமுங்களா? இருவது வருசம் இந்தத் தண்ணியத்தானுங்க குடிச்சன். தொட்டிக்கிட்ட நிப்பம், ஊத்துவாங்க. கெணத்த இன்னிக்குத்தானுங்க பாக்கறன்.”

அதில் குறை எதுவும் இல்லை. வேடிக்கையாகவே சொன்னார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் என் பெரியப்பா மகன் காலையில் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். காப்பி குடித்தார். மழையைப் பற்றியும் தாராபுரம் சந்தையில் மாட்டு விலையைப் பற்றியும் பேசினார். எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் ஆரம்பித்தார்.

“ஏனுங்கண்ணா, கெணத்துல சத்தம் பலமா இருக்குதாட்ட?”

“புள்ளைங்க நீச்சல் பழகறாங்க.”

“பழகட்டுங்க, நல்லதுதானுங்க. தைப் பொங்கலுக்குத் தண்ணி எங்கிருந்துங்க எடுக்கறது?”

“எப்பவும் எடுக்கற எடத்துலதான். ஏன்?”

“இல்லீங்க, சும்மா கேட்டனுங்க. நம்மூட்டுப் பொம்பளைங்க கேன் தண்ணி வாங்கி ஊத்திப் பொங்கல் வெக்கலாம்னு பேசிக்கறாங்க. அம்மனுக்கு மினரல் வாட்டர்!” என்று சிரித்துவிட்டு, “நீங்க படிச்சவிய, உங்களுக்கு நாங்க சொல்றதுங்களா? மொத மருவாதிக்கு ஆராச்சும் எளையவிய நின்னுக்கட்டும்னாலும் நீங்க தப்பா நெனைக்க மாட்டீங்க” என்றார்.

ஒரு சாதிப் பெயர் வரவில்லை. கோபமான சொல் ஒன்றும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பேசுவார்கள். அதற்குப் பதில் சொல்லவும் இயலாது. நேராகக் கேட்டிருந்தால் நேராகப் பதில் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அவ்வாறு சொல்லிக்கொள்வதில்லை.

நான்கு நாள் கழித்துப் பல்லடத்திலிருந்து ஆள் வரவழைத்துக் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டினேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று வந்தவர்களிடம் சொன்னேன். பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கையும் எழுதினேன்: ‘கிணற்றில் நீர்மட்டம் குறைந்துவிட்டமையால் நீச்சல் வகுப்பு இவ்வாரம் முதல் நிறுத்தப்படுகிறது. அதற்குப் பதிலாக யோகா நடைபெறும்.’ மகள் அதை இரண்டு முறை படித்தாள்.

“கீழ நீங்களே கையெழுத்துப் போட்டுருங்கப்பா” என்றாள். “எம்பேரு வேண்டாங்க.”

போட்டேன். உடற்கல்வி ஆசிரியர் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். “எங்க ஊர்ல கடலுக்கும் இப்படி ஒண்ணு போட முடிஞ்சா போட்டிருப்பாவ, ஐயா. அளவு கெடைக்கல” என்றார். அந்தப் பருவம் முடிந்ததும் வேலையை விட்டுப் போனார்.

அடுத்த புதன்கிழமை, என் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எழுந்தபோது அந்தப் பெண் ஒரு தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். வாரப் பயிற்சி என்று நினைத்துச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். அது பயிற்சியன்று. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பெறுநர் நான். காரணத்தைச் சுற்றி வளைக்காமல் ஒரே பத்தியில், சரிபார்க்கத்தக்க வகையில் எழுத வேண்டும் என்று நான் அந்த வகுப்பில் சொல்வதுண்டு. அவள் எழுதியிருந்தது இது:

‘நேற்று மாலை நானும் இரண்டு மாணவிகளும் கம்பி வலை வழியாகப் பார்த்தோம். சுவரில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு மேல் இரண்டு படி வரை தண்ணீர் நிற்கிறது. ஆகவே நீச்சல் வகுப்பை மீண்டும் தொடங்குமாறு வேண்டுகிறேன். எனக்கு இன்னும் ஆறு சுற்றுகள் பாக்கி உள்ளன.’

பிழை இல்லை. மற்ற இருவரும் கையொப்பமிட்டிருந்தனர்.

விண்ணப்பம் வந்தால் ஏற்றோ மறுத்தோ எழுத்தில் பதில் தருவதே முறை. அதையும் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏற்றால் பங்காளிகள் முன் என் சொல் போகும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். எழுதத்தக்க காரணம் என்னிடம் இல்லை. தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். மறு வெள்ளியன்று அவள் வகுப்புக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரங்கல் அறிவிப்பு எழுதுவது எப்படி என்று நடத்தினேன். அதற்கடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. சுவரிலிருந்த தாளில் என் பாடத்தின் கீழிருந்த தன் பெயரை அடித்துவிட்டுச் சைக்கிள் பழுது பார்த்தலின் கீழே எழுதியிருந்தாள். மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

அவளுடைய தாயை ஒருநாள் வேன் நிற்கும் இடத்தில் பார்த்தேன். நானாகத்தான் பேச்சைத் தொடங்கினேன்; நீச்சல் நின்றுபோனதில் பிள்ளைக்கு வருத்தம் இருக்கும் என்றேன்.

“அதனாலென்னங்க சாமி” என்றார். “தண்ணி இல்லீன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அவகிட்டயும் அதத்தான் சொன்னனுங்க. இருக்குதும்மா, நான் பாத்தேன்னு மல்லுக்கு நின்னா. வாய மூடுடின்னு ஒண்ணு வெச்சனுங்க.”

வேன் வந்துவிட்டது. அவர் ஏறிப் போனார். தன் மகளைப் பொய் சொன்னதாக அடித்திருக்கிறார். பொய் சொன்னவன் அவருக்கு முன்னால், கையில் குடையுடன் நின்றிருந்தேன். அந்த வேன் குண்டடம் சாலையில் திரும்பும் வரை கூப்பிட்டு நிறுத்த நேரம் இருந்தது.

தைப் பொங்கலுக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். முதல் மரியாதையை நான்தான் பெற்றுக்கொண்டேன். பருவ இறுதியில் சான்றிதழ்கள் என் கையொப்பத்துக்கு வந்தன. அவளுடையதில் விருப்பப் பாடங்களின் வரிசையில், ‘நீச்சல் – நிறைவு செய்யவில்லை’ என்று இருந்தது. அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டு அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். சேர்ந்த பாடம் எதையும் நீக்கக் கூடாது என்பது நாங்கள் வைத்த விதிதான் என்று நினைவூட்டினாள். கையொப்பமிட்டேன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பை அங்கேயே முடித்தாள், நல்ல மதிப்பெண். ஈரோட்டில் ஏதோ கல்லூரியில் சேர்ந்ததாகக் கேள்வி. விடைபெறும் நாளில் எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிக்கொண்டு போனாள். நான் வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பின்பக்க வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த விண்ணப்பம் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. பதில் எழுத இரண்டு மூன்று முறை உட்கார்ந்தேன். பெறுநர் முகவரி தெரியவில்லை என்று எழுந்துவிட்டேன். காலனி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பள்ளியின் ஆண்டு மலர் சென்ற மாதம் வெளிவந்தது. விருப்பப் பாடங்களின் வரலாறு என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் பழைய சுற்றறிக்கைகளைப் பார்த்து எழுதியது. நீச்சலைப் பற்றி, ‘வறட்சியினால் கிணறு வற்றியதால் இவ்வகுப்பு கைவிடப்பட்டது, கிணற்றை அளித்த பெரியவரின் தாராள மனத்துக்குப் பள்ளி என்றும் கடமைப்பட்டுள்ளது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் பங்காளிகளும் கேட்பவர்களிடம் இதையே சொல்கிறார்கள்.

இது தவறு. அந்த ஆண்டு வறட்சி இல்லை. கிணறு வற்றவும் இல்லை.